படுத்தால் மறையும் வீக்கம்

அப்பாவுக்கு வலது அடிவயிற்றில் ஒரு வீக்கம் இருந்தது. நின்றால் தெரியும். இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்குத் துருத்திக்கொண்டு வரும். படுத்தால் ஒன்றும் இருக்காது. உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். ஓராண்டுக்கு மேல் அதை யாரிடமும் சொல்லாமல் வேட்டி மடிப்புக்குள் மறைத்துவைத்திருந்தார். அரசுப் பஸ்ஸில் 31 ஆண்டுகள் நடத்துநராக நின்றே வேலை பார்த்தவர். "படுத்தால் சரியாகிவிடுகிறதே, அதற்கு எதற்கு டாக்டர்?" என்பது அவர் வாதம். சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கியவர் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை.

குடலிறக்கம். எங்கள் பக்கத்தில் இரணியா என்பார்கள். வயிற்றுச் சுவரில் தசை நைந்துபோன இடத்தின் வழியாகக் குடல் எட்டிப்பார்ப்பது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வலை வைத்துத் தைத்துவிடலாம் என்றார்கள். அன்றாடம் நடக்கிற அறுவை சிகிச்சை. நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

முந்தைய நாள் மாலையே மருத்துவமனையில் சேர்த்தோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். நல்ல மனிதர்கள் வேலை பார்க்கிற இடம்தான். அதனாலேயே இதை எழுதவேண்டும் என்று தோன்றுகிறது. இரவு எட்டு மணி இருக்கும். நான் ஜன்னலோரம் நின்று வெந்நீர் ஊற்றி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓர் இளம் செவிலியர் கேஸ் ஷீட்டுடன் வந்து அப்பாவின் இடது பக்கம் நின்றார்.

"அய்யா, நாளைக்கு ஆபரேஷன். இடது பக்கம்தானே?"

"ஆமாம்மா" என்றார் அப்பா.

எஞ்சின் இரைச்சலிலும் ஏர்ஹார்ன் அலறலிலும் காலம் தள்ளியதில் அப்பாவின் இடது காது மந்தம். காதில் விழாத எந்தக் கேள்விக்கும் அவரிடம் இருக்கும் பதில் "ஆமாம்". கல்யாண வீடுகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

"சிஸ்டர், வலது பக்கம்" என்றேன். அவர் தாளைத் திரும்பவும் பார்த்தார். "இடது என்றுதான் எழுதியிருக்கிறது, சார்." போர்வையை விலக்கிப் பார்த்தார். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். வயிறு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. வீக்கமும் இல்லை, அது இருந்த அடையாளமும் இல்லை. சில நொடிகள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அப்பா, எழுந்து நின்று இருமுங்கள்."

எழுந்தார், இருமினார். வலது பக்கத்தில் எலுமிச்சம்பழம் வந்து நின்றது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஸ்கேன் அறிக்கையைத் தேடி எடுத்தோம். அதில் வலது என்று தெளிவாக இருந்தது. வெளிநோயாளர் சீட்டிலும் வலதுதான். சேர்க்கைத் தாளில் மட்டும் இடது. எதிரே நின்று பரிசோதித்த யாரோ தன் இடக்கைப் பக்கம் இருந்ததை இடது என்று எழுதியிருக்கவேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் மறுநாள் தியேட்டர் பட்டியலை எழுதியிருந்தார்கள். பட்டியலைப் பார்த்துத்தான் தியேட்டரில் ஆயத்தம் செய்வார்கள். இரவு டியூட்டி டாக்டர் வந்து, இடது என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்து எழுதிக் கையெழுத்திட்டுப் போனார்.

அப்பாவை நிற்கவைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அறுவை மருத்துவர் கண்டுபிடித்திருக்கலாம். பெரும்பாலும் கண்டுபிடித்திருப்பார். இந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்தான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

1995-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டாம்பா நகரத்து மருத்துவமனை ஒன்றில், சர்க்கரை நோயாளி ஒருவருக்கு வெட்டவேண்டிய காலை விட்டுவிட்டு மற்றக் காலை வெட்டிவிட்டார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட வழக்கு அது. அந்த அறுவை மருத்துவர் குடிகாரரோ அரைகுறையோ இல்லை. தியேட்டர் கரும்பலகையிலும் அன்றைய பட்டியலிலும் தவறான கால் எழுதப்பட்டிருந்தது. அவர் உள்ளே வரும்போது அந்தக் காலுக்கு மருந்து தடவி, துணி போர்த்தித் தயாராக வைத்திருந்தார்கள். போதாததற்கு, நோயாளியின் இரண்டு கால்களுமே மோசமான நிலையில் இருந்தன. பார்த்தவுடன் "இது நல்ல கால்" என்று யாருக்கும் பொறிதட்டவில்லை. அப்பாவின் வயிற்றைப் போலத்தான். உடம்பு சாட்சி சொல்லாத இடத்தில் தாள் சொல்வதே உண்மையாகிவிடுகிறது.

அறுவைப் பிழை என்றதும் கை நடுங்கும் மருத்துவர் ஒருவரை நாம் கற்பனை செய்கிறோம். நான் பார்த்தது ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு நகல் எடுத்த வேலை. வெளிநோயாளர் பிரிவில் பார்த்த மருத்துவர் வேறு, சேர்க்கை எழுதியவர் வேறு, இரவு செவிலியர் வேறு, காலைச் செவிலியர் வேறு, மயக்க மருத்துவர் வேறு. சிறு மருத்துவமனைகள் பலவற்றில் மயக்க மருத்துவர் வெளியிலிருந்து வருபவர். ஒரே நாளில் மூன்று நான்கு இடங்களுக்கு ஓடுகிறவர். தொடக்கத்திலிருந்து மேசை வரைக்கும் எல்லா இடத்திலும் இருந்த ஒரே ஆள் நோயாளிதான். எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதை எழுதிவைத்துப் படிக்கவேண்டிய தேவை இல்லாதவரும் அவர் ஒருவரே. அவரிடம்தான் நாம் "நீங்கள் பேசாமல் படுங்கள், எல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்கிறோம்.

அன்றிரவு தூக்கம் வராமல் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அப்பாவின் இடது அடிவயிற்றில் பால்பாயிண்ட் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். இங்கே வேண்டாம் என்று பொருள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

காலையில் வந்த அறுவை மருத்துவர் அதைப் பார்த்துச் சிரித்தார். ஐம்பது வயதிருக்கும், அவசரமில்லாத மனிதர். "தம்பி, பெருக்கல் குறி என்றால் 'இங்கே வெட்டாதே' என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தியேட்டரில் நிற்கிறவர் 'இங்கேதான்' என்று நினைத்தால்? புதையல் வரைபடத்தில் பெருக்கல் குறி எதற்குப் போடுவார்கள்?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் என் ஓவியத்தைத் துடைத்தார். இரண்டே இழுப்பில் போய்விட்டது. "பாருங்கள், இந்த மை தியேட்டர் வாசல்கூடத் தாண்டாது."

பிறகு அப்பாவை நிற்கச் சொன்னார், இருமச் சொன்னார். வீக்கம் வந்ததும் தடித்த மார்க்கர் ஒன்றை எடுத்து அதன் மேலேயே ஓர் அம்பு வரைந்து, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார். கழுவினாலும் அழியாத மை, பச்சைத் துணி போர்த்திய பிறகும் கண்ணில் படுகிற இடம், வெட்டப்போகிறவரின் கையெழுத்து. குறியிடுவது என்றால் இதுதான். வெட்டக்கூடாத பக்கத்தில் எதையும் எழுதக்கூடாது என்பதை நான் அன்றுதான் கற்றேன். கால் நரம்புச் சுருளுக்கும் இதே கதைதானாம்: நிற்கும்போது புடைத்துத் தெரியும் நரம்புகள் படுத்தால் வடிந்துவிடும், நிற்கவைத்தே வரைய வேண்டும். அமெரிக்காவில் 2004-இல்தான் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குறியிடலைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பே சில எலும்பு மருத்துவர்கள் தாங்களாகவே செய்துகொண்டிருந்தார்கள். எனவே அறுவைக்குப் போகும்போது "டாக்டர், குறி எப்போது போடுவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். நோயாளி விழித்திருக்கும்போது, தியேட்டருக்குப் போகும் முன்பு, என்பதே சரியான பதில்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு பக்கத்தில் அடங்கும் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 19 அம்சங்கள். மயக்க மருந்துக்கு முன் ஒரு நிறுத்தம், கத்தி படும் முன் ஒரு நிறுத்தம், தியேட்டரை விட்டு நோயாளி வெளியேறும் முன் ஒரு நிறுத்தம். அதை உருவாக்கிய குழுவை நடத்தியவர் அதுல் கவாண்டே என்ற அறுவை மருத்துவர். சியாட்டில், டொரொண்டோ, லண்டன், ஆக்லாந்து, அம்மான், புதுடெல்லி, மணிலா, தான்சானியாவின் இஃபகாரா என்று எட்டு இடங்களில் ஒவ்வொரு மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து 2009 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. நின்று, வாய்விட்டுப் படித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இதே பட்டியலைக் கட்டாயமாக்கியபோது 101 மருத்துவமனைகளில் சொல்லும்படியான மாற்றம் ஏதும் தெரியவில்லை என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. கட்டாயம் என்றால் கட்டத்தில் டிக் போடுவது சுலபம். மொத்தப் படிவத்தையும் டீ குடிக்கும்போது நிரப்பிவிடலாம்.

அந்தப் பட்டியலின் முதல் வரி என்ன என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தன் பெயர், அறுவை செய்யும் இடம், செய்யப்போகும் அறுவை, தன் ஒப்புதல் ஆகியவற்றை நோயாளி உறுதிப்படுத்தினாரா? அவ்வளவு பெரிய தியேட்டரில் நோயாளிக்கென்று கொடுக்கப்பட்ட ஒரே வசனம் அது. அதையும் "ஆமாம்" என்ற ஒற்றைச் சொல்லில் வீணடித்துவிடக்கூடாது.

கேள்வியைக் கேட்கும் விதத்திலும் இருக்கிறது. "நீங்கள்தானே முருகேசன்?" என்றால் மந்தக் காதுள்ள எல்லாரும் முருகேசன்தான். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே வார்டில் இரண்டு முருகேசன்கள் இருப்பது சர்வ சாதாரணம். ஆதாரில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், தலைப்பெழுத்து சில இடங்களில் முன்னால், சில இடங்களில் பின்னால். "உங்கள் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, உங்களுக்கு என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்?" என்று கேட்டால்தான் நோயாளி வாய் திறந்தாக வேண்டும். அவர்கள் அப்படிக் கேட்காவிட்டால் நாமே முழு வாக்கியமாகச் சொல்லிவிடலாம். அன்று காலை அப்பாவுக்கு ஒத்திகை பார்த்தோம். தொண்டையைச் செருமிக்கொண்டு பஸ்ஸில் ஊர் பெயர் கூவுகிற குரலில், "என் பெயர் இன்னது, வயது 72, வலது பக்கம் இரணியா" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. கத்தியைக் கையில் வைத்திருக்கப்போகிறவரை எதற்குப் பகைத்துக்கொள்ள வேண்டும்? எனக்குக் கைகொடுத்த உத்தி, சந்தேகத்தை அவர்மேல் வைக்காமல் என்மேல் வைத்துக்கொள்வது. "எனக்குத்தான் சரியாகப் புரியவில்லை டாக்டர், இன்னொரு தரம் சொல்லுங்களேன்" என்றால் யாரும் கோபிப்பதில்லை. இந்த அறுவையை யார் செய்யப்போகிறார், நீங்களா வேறொருவரா, இதை அடிக்கடி செய்வீர்களா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவமதிக்கும் கேள்விகள் இல்லை. வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயமே சொல்கிறது. அப்பா இதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். "கலெக்டர் ஏறினாலும் டிக்கெட் கேட்பேன். கேட்பது என் வேலை. கோபித்துக்கொண்டால் அது அவர் பாடு."

ஒப்புதல் படிவம் பற்றி நான் தலைகுனிந்துதான் எழுத வேண்டும். "அட்டெண்டர் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். கூரியர் வாங்குகிறவன் மாதிரி மூன்று இடத்தில் போட்டுவிட்டேன். பக்கம் பற்றிய குழப்பம் வந்த பிறகுதான் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். என்ன அறுவை என்று எழுதவேண்டிய வரி வெறுமையாக இருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "யார் வயிற்றைக் கிழிக்கப்போகிறார்கள்? உன் வயிற்றையா?" என்றார். புதிய படிவம் ஒன்று வாங்கி, அறுவையின் பெயரும் பக்கமும் எழுதவைத்து, அவரே கையெழுத்திட்டார்.

சட்டமும் அப்பா பக்கம்தான். டெல்லியில் ஒரு பெண்மணியை நோயறியும் சோதனைக்காக மட்டும் மயக்கினார்கள். உள்ளே குழாய்விட்டுப் பார்த்த பிறகு, உதவி மருத்துவர் வெளியே வந்து காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் வாங்கிப்போக, மருத்துவர் கருப்பையையும் சினைப்பைகளையும் நீக்கிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008-இல் தீர்ப்பு வந்தது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த, சுயநினைவு திரும்பக்கூடிய ஒருவருக்காகத் தாய் கொடுத்த ஒப்புதல் செல்லாது, சோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் அறுவைக்குக் கொடுத்த ஒப்புதல் ஆகாது. "உள்ளே வேறு ஏதாவது தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியை மயக்கத்துக்கு முன்னாலேயே பேசி முடித்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான்.

இனி நம் பக்கத்துப் பிழைகள். இவற்றை மருத்துவமனையின் தலையில் கட்ட முடியாது. அப்பாவுக்குக் காலை நான்கு மணிக்குக் காப்பி இல்லாவிட்டால் பொழுது விடியாது. வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும் என்றால் இட்லி, தோசை கூடாது என்றுதான் அவர் அகராதியில் பொருள். காப்பி அதில் சேராது. அம்மாவும் "ஒரு வாய் காப்பிதானே" என்று பிளாஸ்க்கைத் திறந்துவிட்டார். பால் கலந்த எதுவும் உணவுதான் என்று மயக்க மருத்துவர் முந்தைய நாளே சொல்லியிருந்தார்: பாலுக்கும் எளிய உணவுக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே உலை. பிளாஸ்க்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். தெரியாமல் குடித்துவிட்டால் குடித்தேன் என்று சொல்லிவிட வேண்டும். அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். திட்டுவார்களே என்று பொய் சொல்வதைப்போல ஆபத்து வேறில்லை.

மாத்திரைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க முயலாதீர்கள். "ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று" என்பதிலிருந்து எந்த மருத்துவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் வீட்டிலிருந்த எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோனோம். மயக்க மருத்துவர் கட்டிலில் கொட்டிப் பார்த்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, பக்கத்து வீட்டு மாமா சிபாரிசு செய்த லேகியம் ஒன்று. ரத்த மாத்திரை பற்றி முதல் சந்திப்பிலேயே பேசியிருந்ததால் அதை எப்போது நிறுத்துவது என்று இதய மருத்துவரிடம் கேட்டு ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். சர்க்கரை மாத்திரைகளிலும் சிலவற்றை அறுவைக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எதையும் நாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. லேகியத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது என்று அந்த மாமாவுக்காவது தெரியுமா?" என்றார். பிறகு அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லைக் குறித்துக்கொண்டார். பல்செட், ஆடும் பல், முன்பு ஏதாவது ஊசிக்கு உடம்பெல்லாம் தடித்தது, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் சிக்கல் வந்தது எல்லாம் அவருக்குத் தெரியவேண்டிய செய்திகள். அறுவை மருத்துவரைத் தேர்ந்தெடுக்க ஊரெல்லாம் விசாரிக்கிற நாம் மயக்க மருத்துவரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

முடி மழிப்பது பற்றி ஒரு வார்த்தை. முந்தைய இரவே பிளேடால் வழித்துச் சுத்தமாக வந்துவிட வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். கிருமிக்கு அதுதான் வாசல். மழிக்கவே கூடாது, தேவையானால் கத்தரிக்கும் கருவியால் எடுத்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது.

அப்பாவுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். ஆகவே அவர் உள்ளே விழித்தே இருந்தார். தியேட்டரிலிருந்து திரும்பி வந்ததும் அவர் சொன்ன முதல் செய்தி, "கணக்கு சரியாக இருந்தது."

கண்ணுக்கு முன்னால் துணி கட்டியிருந்ததால் அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு செவிலியர் காஸ் துணிகளைச் சத்தமாக எண்ணியிருக்கிறார். அப்பாவும் மனதுக்குள் கூடவே எண்ணியிருக்கிறார். தொடங்கும்போது இருபது, தைக்கும் முன் இருபது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் எண்ணை எழுதிவைத்து, இரவு டிப்போவில் ஐம்பது காசு குறைந்தாலும் கையிலிருந்து கட்டியவருக்கு அந்த எண்ணிக்கைதான் ஆபரேஷன். "ஒன்று குறைந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்" என்றார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போன மனிதர் என்ன செய்திருப்பாரோ தெரியவில்லை.

வயிற்றுக்குள் விட்டுப்போன துணிக்கு மருத்துவத்தில் கோசிப்பிபோமா என்று ஒரு பெயர் உண்டு. பருத்திக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு நடந்திருக்கிறது என்று பொருள். அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவசர அறுவையில் இந்த ஆபத்து ஏறத்தாழ 9 மடங்கு, அறுவையின் நடுவில் திட்டம் மாறும்போது 4 மடங்கு என்று கண்டது. அதில் என்னை அதிகம் உறுத்திய விஷயம், எண்ணிக்கை எடுக்கப்பட்டிருந்த பெரும்பாலான கேஸ்களில் "எண்ணிக்கை சரி" என்றே எழுதியிருந்தார்கள் என்பது. மயங்கிக் கிடக்கிறவர் இதில் செய்ய ஒன்றுமில்லை. வயிற்று அறுவைக்குப் பிறகு வாரக்கணக்கில் வலி, காய்ச்சல், சீழ் என்று விடாமல் தொல்லை இருந்தால் மட்டும், வாயு என்று சோடா குடித்துச் சமாளிக்காமல், "உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அறுவைத் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியும்படி ஒரு இழை வைத்துத் தயாரிப்பதே இதற்காகத்தான்.

தெரிந்தே உள்ளே வைப்பதும் உண்டு. சிறுநீரகக் கல்லுக்குப் பிறகு வைக்கும் ஸ்டென்ட் குழாயைச் சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். வலி போனதும் குழாயும் மறந்துபோகிறது. ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதன்மேலேயே கல் வளரும். எடுப்பதற்குப் பெரிய அறுவை தேவைப்படும். எங்கள் தெருவிலேயே ஒருவர் இப்படி அவதிப்பட்டார். "உள்ளே என்ன வைத்தீர்கள், எப்போது எடுக்க வேண்டும்?" என்பதற்கான பதில் டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதியோடு இருக்க வேண்டும்.

தையல் போட்டதும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்று. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் முழங்கால் மூட்டு அறுவைக்குப் பிறகு இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அறுவைக்குப் பின் போட்ட கட்டு மிக இறுக்கமாக இருந்ததில் காலுக்கு ரத்த ஓட்டம் நின்றது, காலை அகற்றினார்கள், உயிரும் தங்கவில்லை. கட்டுப் போட்ட கையிலோ காலிலோ மருந்துக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரல்களில் மரத்துப்போதல், சில்லிட்டுப்போதல், நிறம் மாறுதல், விரலை அசைக்க முடியாமை இவற்றில் எது வந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக்கூடாது. நள்ளிரவானாலும் டியூட்டி டாக்டரை எழுப்பி, கட்டை அவிழ்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். "ஆபரேஷன் செய்தால் வலிக்கத்தான் செய்யும்" என்ற பதிலோடு திரும்பி வரக்கூடாது. இதற்காகவாவது நோயாளியின் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

இப்படி எழுதிக்கொண்டே போகும்போது ஒரு கூச்சமும் வருகிறது. எனக்குப் படிக்கத் தெரியும், விடுப்பு எடுக்க முடிந்தது, அப்பாவின் பக்கத்தில் இருந்தேன். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துத் தனியாகக் கிடக்கும் பாட்டியிடம் "விழிப்பாக இருங்கள்" என்று சொல்வது அநியாயம். பிழையைத் தடுக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது. நோயாளி கேள்வி கேட்கவில்லை என்பது யாருக்கும் சாக்காகாது. நான் சொல்வதெல்லாம், அந்த இரவு எட்டு மணிக்கு எங்களிடம் இருந்தது இருமல் ஒன்றுதான் என்பதே.

வீடு திரும்பும்போது அப்பா கோப்பைக் கேட்டு வாங்கினார். அறுவைக் குறிப்பு, உள்ளே வைத்த வலையின் அட்டையிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், ஸ்கேன், ரசீது எல்லாவற்றுக்கும் நகல். கவுண்டரில் கொஞ்சம் முனகினார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறையே இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை. நடத்துநர் கவுண்டர் முன்னால் அசையாமல் நின்ற விதமே போதுமாக இருந்தது. நகல்கள் எல்லாம் இப்போது அந்த மஞ்சப்பையில் இருக்கின்றன. லேகியம் குப்பைக்குப் போய்விட்டது.

போன மாதம் அத்தைக்குக் கண்புரை அறுவை என்று செய்தி வந்தது. அப்பாதான் போனில் பேசினார், வலது காதில் வைத்துக்கொண்டு.

"எந்தக் கண்?"

"அது டாக்டருக்குத் தெரியும் அண்ணா."

"உனக்குத் தெரியுமா என்றுதான் கேட்கிறேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பீரோ கதவு கிறீச்சிடுவது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது.

"இடது" என்றார் அத்தை. உடனே, "இரு, இரு."

"கண்ணாடியைப் பார்த்துச் சொல்லாதே" என்றார் அப்பா. "ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலண்டரைப் பார்."